வலிக்காத வீக்கம்

போன மாதம் இந்தப் பகுதியில் கண்கட்டியைப் பற்றி எழுதியபோது, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அறுபதைத் தாண்டியவரின் இமையில் வலியே இல்லாமல் தடித்துக்கொண்டு வரும் வீக்கத்தைக் கண்கட்டி என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அது நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம் என்பது அந்த வரி. கண்கட்டி பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் அத்தனையும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சிலர் பயந்து எழுதியிருக்கிறார்கள்; ஒருவர், ‘எதற்கெடுத்தாலும் கேன்சர் என்பதே உங்களுக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது’ என்று திட்டியே எழுதியிருக்கிறார். இந்த மாதப் பக்கத்தை அந்தக் கடிதங்களுக்கே கொடுத்துவிட்டேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஒரு வருடமாகவே இடது மேல் இமை தடித்து, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலியில்லை, சீழில்லை, பேப்பர் படிக்கிறார். அம்மா நாமக்கட்டி இழைத்துப் பற்றுப் போட்டுப் பார்த்தார். மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்தும் போட்டோம். ‘வயசானா இமை தொங்கத்தாம்மா செய்யும்’ என்கிறார் அப்பா. உங்கள் பத்தியைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, டாக்டர்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, இன்றைக்கு ராத்திரி தூங்குங்கள். அப்பாவுக்கு இருப்பது நான் சொன்ன நோயாகவே இருந்தாலும், அதன் பெரும்பாலான வகைகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக நகர்பவை. ஒரு வாரத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் ஒரு வருடம் போய்விட்டது அல்லவா, இன்னொரு வருடம் போகக் கூடாது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வயதானால் இமை தொங்கும். ஆனால் அது இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வருடங்கள் எடுத்துக்கொண்டு தொங்கும். அப்போது தோல் தளர்ந்து மெலிந்திருக்குமே தவிர, தடிக்காது. ஒரு கண்ணில் மட்டும் இறங்கி, விரலால் தொட்டால் கனமாகத் தெரிகிறது என்றால் அதை வயதின் கணக்கில் எழுத முடியாது.

அப்பாவை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். மேல் இமையின் வெளி மூலை, அதாவது புருவம் முடியும் பக்கம், உப்பியிருக்கிறதா? அங்கேதான் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. அது வீங்கினால் இமையின் விளிம்பு நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து தெரியும். அடுத்து, அவரைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்குங்கள். பிறகு மேலே பார்க்கச் சொல்லிக் கீழ் இமையை இறக்குங்கள். வெள்ளை விழியின் மேல், ஓரத்தில், கொய்யாப் பழத்தின் உள்சதை மாதிரி இளஞ்சிவப்பாக, வழவழப்பாக ஏதாவது படிந்திருக்கிறதா? ஆங்கில மருத்துவப் புத்தகங்கள் இதற்கு சால்மன் மீனின் சதையை உவமை சொல்லும். நம் ஊரில் அந்த மீனைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? என் மாணவர்களுக்குக் கொய்யாவைச் சொல்லித்தான் புரியவைக்கிறேன். மூன்றாவதாக, அவருக்குப் பின்னால் நின்று, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லி, மேலிருந்து இரண்டு கண்களையும் பாருங்கள். ஒரு கண் மற்றதைவிட முன்னால் வந்திருக்கிறதா? 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நாங்கள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

மருத்துவரிடம் போகும்போது பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள். கல்யாண ஆல்பம், பேரன் காதுகுத்து, வாக்காளர் அட்டை, எது கிடைத்தாலும் சரி. ‘ஒரு வருஷமா இருக்கு’ என்று சொல்லி வந்த ஒரு பெரியவரின் மகன், மூன்று வருடத்துக்கு முந்தைய கிரகப்பிரவேசப் படத்தைக் கைபேசியில் காட்டினார். அதிலேயே இமை இறங்கியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கும் முகத்தில் மெதுவாக வரும் மாற்றம் கண்ணுக்குப் படாது.

தைராய்டையும் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குக் கண் பிதுங்குவதற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் தைராய்டில் பெரும்பாலும் இமை மேலே ஏறி, மருண்டு பார்ப்பதுபோல் இருக்கும். நாம் பேசும் நோயில் இறங்கும். பொதுக் கண் மருத்துவரிடம் தொடங்குங்கள். இமை, கண்குழி அறுவைக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஓக்குலோபிளாஸ்டி என்று கேட்டால் பெரிய கண் மருத்துவமனைகளில் காட்டுவார்கள்.

நாமக்கட்டியால் தீங்கில்லை. கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். மருந்துக்கடைச் சொட்டு மருந்தைத்தான் உடனே நிறுத்தச் சொல்கிறேன். ஏன் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

*

கேள்வி: எனக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. வலது கண் வீங்கிக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ‘இன்ஃபெக்‌ஷன் இல்ல, உள்ள ஒரு வீக்கம் இருக்கு’ என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் கண் பழையபடி ஆகிவிட்டது! நிறுத்தினேன், இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி சரி. இப்போது மூன்றாவது முறை. சர்க்கரை 300-ஐத் தாண்டிவிட்டது. இப்போது வேறொரு டாக்டர் பயாப்சி வேண்டும் என்கிறார். மருந்துக்குக் கேட்கிற நோய்க்கு எதற்குக் கத்தி?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. மருந்துக்குக் கேட்கிறது, ஆனால் குணமாகவில்லை.

உடலில் கிருமிகளோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அங்கே திரள்வது இந்த அணுக்கள்தான். அவற்றில் ஒன்று கட்டுக்கடங்காமல் தன்னையே நகலெடுக்க ஆரம்பித்தால் அது லிம்போமா, நிணநீர்ப் புற்று. நெறி கட்டும் இடங்களில்தான் வரும் என்பதில்லை. வயிறு, தோல், கண்ணைச் சுற்றியுள்ள திசுக்கள் என எங்கும் வரலாம். கண்குழிக்குள் நிணநீர் முடிச்சே கிடையாது. ஆனாலும் வயதானவர்களின் கண்குழியில் தோன்றும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்த அணுக்களுக்கு ஸ்டீராய்டு என்றால் ஆகாது. கொடுத்தவுடன் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும், வீக்கம் வடியும், நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். வேர் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், புற்றே இல்லாத ஓர் அழற்சியும் கண்குழியில் வருகிறது. காரணம் தெரியாத வெறும் வீக்கம். அதுவும் ஸ்டீராய்டுக்கு வடியும். ஐஜிஜி4 என்ற புரதத்தோடு தொடர்புடைய மற்றொரு நோயும் வடியும். மூன்றும் ஒரே மருந்துக்கு வடிகின்றன என்றால், வடிந்ததை வைத்து எது என்று எப்படிச் சொல்வது? ஸ்கேனாலும் முழுதாகச் சொல்ல முடியாது. லிம்போமா பெரும்பாலும் எலும்பை அரிக்காது, கண்ணை நசுக்காது. மாவைப் பிசைந்து உருண்டையைச் சுற்றி அப்பினதுபோல் விழியின் வளைவை ஒட்டியே படரும். படத்தில் அதைப் பார்த்தால் சந்தேகம் வரும். ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க முடியாது.

வேலையில் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். அறுபது வயதுப் பெண்மணி, கண்ணீர்ச் சுரப்பியில் வீக்கம். பயாப்சி என்றதும் அழுதார். நானும் இளகிப்போய், ‘சரிம்மா, முதல்ல மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்றேன். வடிந்தது. மூன்றாம் முறை திரும்பியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவசர அவசரமாகத் திசு எடுத்தோம். மாத்திரையின் பிடியிலேயே எடுத்ததால் ஸ்லைடில் சிதைந்த அணுக்கள்தான் கிடைத்தன. நோய்க்குறியியல் மருத்துவர் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். காத்திருந்து இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை அழவைக்கத் தயங்கினேன், இரண்டு தடவை கத்தி வைத்தேன். அந்த அம்மாள் அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால், பயாப்சிக்குச் சம்மதியுங்கள். இப்போது மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு இடைவெளி விட்டுத் திசு எடுப்பது என்பதை அந்த டாக்டர் சொல்வார்; நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இமை மடிப்பிலேயே சிறு கீறல் போட்டு எடுப்பார்கள், தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை எதையாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியால் உறிஞ்சி எடுப்பது இங்கே பெரும்பாலும் போதாது. அணுக்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் தெரிந்தாக வேண்டும். எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பரிசோதனைகளுக்கு அணுக்கள் உயிரோடு வேண்டும்.

கும்பகோணத்து அம்மாவுக்குச் சொன்னதும் இதற்காகத்தான். கடையில் ‘கண்ணு சிவப்புக்கு’ என்று கேட்டால் கொடுக்கும் பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. வெள்ளை விழியில் இருக்கும் படலத்தை அது கொஞ்சம் மங்கவைத்து ஏமாற்றும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே உலை வைக்கும்.

*

கேள்வி: ‘கேன்சர்ல கத்தி பட்டா பரவிடும்’ என்று எங்கள் பெரியப்பா பயாப்சிக்கு விடமாட்டேன் என்கிறார்.
(வாசகர், ஈரோடு)

பதில்: இந்த நோயில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. லிம்போசைட் ரத்தத்திலும் நிணநீரிலும் ஊர் சுற்றும் அணு; அது பரவ நினைத்தால் எங்கள் கத்திக்காகக் காத்திருக்காது. கத்தி வைத்த பிறகு பரவியதாகத் தெரிவது, கத்தி வைக்கத் தாமதித்ததால் பரவியதாகத்தான் இருக்கும். இதை நான் சொன்னதாகப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம், அவருக்குக் கோபம் வரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையே கூட்டிப்போய் உட்காரவையுங்கள்.

*

கேள்வி: மனைவியின் ரிப்போர்ட்டில் ‘எக்ஸ்ட்ரா நோடல் மார்ஜினல் ஸோன் லிம்போமா, மால்ட் வகை, சிடி20 பாசிட்டிவ், கேஐ67 குறைவு’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடித் தேடித் தலை சுற்றுகிறது. கண்ணை எடுத்துவிடுவார்களா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எடுக்க மாட்டார்கள். இமையில் வரும் சில வேறு புற்றுகளுக்குச் சுற்றிலும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். கண்கட்டி வேஷத்தில் வரும் கொழுப்புச் சுரப்பிப் புற்று அதில் ஒன்று, முற்றிவிட்டால் கண்ணையே இழக்க நேரும். லிம்போமா அப்படியல்ல. முள்ளைப் பிடுங்குவதுபோல் பிடுங்குகிற நோய் இல்லை இது, கரைக்கிற நோய்.

ரிப்போர்ட்டைப் பிரித்துச் சொல்கிறேன். கண்ணைச் சுற்றி வரும் லிம்போமாக்களில் அதிகம் காணப்படும் வகை உங்கள் மனைவிக்கு வந்திருப்பதுதான், நல்லபடியாக முடியும் வகைகளில் ஒன்றும் அதுதான். பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1983-இல் இதைத் தனிக் கூட்டமாக அடையாளம் காட்டினார்கள். உடலின் ஈரமான உட்பரப்புகளைக் காவல் காக்கும் லிம்போசைட்டுகளில் பிறப்பது. கேஐ67 என்பது எத்தனை அணுக்கள் இப்போது பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் அளவு. குறைவு என்றால் நோய் நிதானமாக இருக்கிறது. சிடி20 என்பது அந்த அணுக்களின் மேல் இருக்கும் ஒரு முத்திரை. அது இருப்பது நல்ல செய்தி, ஏனென்றால் அந்த முத்திரையைத் தேடிப் பிடிக்கும் மருந்து நம்மிடம் இருக்கிறது. இதே ரிப்போர்ட்டில் பெரிய அணுக்கள் பரவலாக இருப்பதாகவும் கேஐ67 மிக அதிகமாகவும் எழுதியிருந்தால் நான் இவ்வளவு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அது வேகமான வகை. உடனே கீமோ தொடங்க வேண்டும். ஆனால் அதையும் முழுதாகக் குணப்படுத்த முடிகிற நிலை பலருக்கு உண்டு.

அடுத்து, நோய் கண்ணோடு நிற்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை, பெட் ஸ்கேன், சிலருக்கு எலும்பு மஜ்ஜை. ‘கண்ணுல இருக்கறதுக்கு இடுப்புல ஊசியா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். வெள்ளை விழியின் மேல்படலத்தில் தோன்றியது பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இமையின் தசைப்பகுதியில் இருப்பதற்கு உடலில் வேறிடத்தில் துணை இருக்க வாய்ப்பு கூடுதல். அதனால்தான் இடுப்பு வரை போகிறார்கள். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

பரிசோதித்த ஸ்லைடுகளும் மெழுகுக் கட்டிகளும் உங்களுக்குத் தேவைப்படும். மருத்துவமனை மாறும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்க வெறும் காகிதம் போதாது.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. கண்ணின் வெள்ளையில் சிறிய படலம், பயாப்சியில் லிம்போமா என்று உறுதியாகிவிட்டது. வேறெங்கும் இல்லை. டாக்டர் ‘நாலு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துக்கிட்டே இருப்போம்’ என்கிறார். கேன்சர் என்று தெரிந்தும் சும்மா இருப்பதா? வயதானவர் என்று கைகழுவிவிட்டாரா?
(வாசகி, சென்னை)

பதில்: இல்லை. யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். மெதுவான வகை, சிறிய அளவு, தொந்தரவில்லை, வயதோ 81. இந்த நான்கும் சேர்ந்தால் காத்திருப்பதும் முறையான சிகிச்சைத் திட்டம்தான். இப்படிக் காத்திருந்த பலருக்கு வருடக்கணக்கில் எதுவும் செய்ய வேண்டி வருவதில்லை. மிகச் சிலருக்குத் தானாகவே சுருங்கியும் இருக்கிறது. காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் இருப்பது அந்த நான்கு மாதத் தேதிதான். அதை மட்டும் தவறவிடாதீர்கள். படலம் பெரிதானாலோ, உறுத்தினாலோ, இமை இறங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

உண்மையில் இந்தத் திட்டம் நோயாளியைவிட பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். உங்கள் அம்மா நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

*

கேள்வி: அண்ணனுக்குக் கண்ணில் கரண்ட் வைக்க வேண்டுமாம். ஒரு மருத்துவமனையில் 12 நாள் என்கிறார்கள், இன்னொன்றில் 2 நாள் போதும் என்கிறார்கள். யாரை நம்புவது? பார்வை போய்விடாதா?
(வாசகர், மதுரை)

பதில்: இருவரையும் நம்பலாம். முதலில் ஒன்று: கரண்ட் என்று நாம் சொல்கிறோமே தவிர, அங்கே ஷாக் எதுவும் இல்லை, எக்ஸ்ரே போன்ற கதிர்தான். எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி வலிக்காதோ அப்படித்தான் இதுவும். முகத்துக்கென்று அளவெடுத்து ஒரு வலைமுகமூடி செய்வார்கள். தலை அசையாமலிருக்க அதைப் போட்டுப் படுக்கவைப்பார்கள். அது ஒன்றுதான் சிலருக்கு மூச்சுமுட்டுவதுபோல் இருக்கும். முன்பே சொன்னால் பழக்கிவிடுவார்கள்.

லிம்போமா அணு கதிருக்கு மிகவும் மென்மையானது. மற்ற பல புற்றுகளுக்கு 60 அல்லது 70 கிரே வரை தேவைப்படும். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. இதற்கு 24 கிரே போதும். ஒரு நாளைக்கு 2 வீதம் 12 நாள், சனி ஞாயிறு விடுமுறை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த இடத்தில் நோய் அடங்கிவிடுகிறது. இரண்டு நாள் என்பது மொத்தமே 4 கிரே. இவ்வளவு குறைவான அளவுக்கே இந்த நோய் கரைவதைப் பார்த்துத்தான் அந்த முறை வந்தது. பிரிட்டனில் இரண்டு அளவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டபோது, நோயை நீண்ட காலம் அடக்கி வைப்பதில் 24 கிரேதான் முந்தியது. ஆனால் அது உடலின் எல்லா இடங்களுக்குமான கணக்கு. கண் மென்மையான இடம் என்பதால், முதலில் 4 கிரே கொடுத்துவிட்டுப் பார்ப்போம், போதவில்லை என்றால் மிச்சத்தைக் கொடுப்போம் என்று அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 50 பேரிடம் செய்து பார்த்து 2024-இல் வெளியிட்டது. ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு அந்த 4 கிரேயே போதுமானதாக இருந்தது.

என்னைக் கேட்டால், மெதுவான வகை என்றால், திரும்பத் திரும்ப வந்து காட்ட முடிந்தவருக்கு இரண்டு நாள் முறை நல்ல தொடக்கம். தூரத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர், ஒரு தடவை போனால் இரண்டு வருடம் தலைகாட்ட மாட்டார் என்று தெரிந்தால் 12 நாளையே முடித்துவிடச் சொல்வேன். வேகமான வகைக்கு இந்தக் கணக்கே வேறு.

பார்வை போகாது. 24 கிரேயில் விழித்திரை கெடுவது அரிது. கண் வறட்சி வரும், சிலருக்கு அது நிரந்தரமாக நின்றுவிடும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பாக்கெட்டிலேயே இருக்க வேண்டியதுதான். இமை முடி கொஞ்சம் உதிரலாம். சில வருடங்களில் கண்புரை வரலாம், அதை எடுத்து லென்ஸ் வைத்துவிடலாம். முடிந்த இடத்தில் கண்ணின் லென்ஸை மறைக்கச் சிறு உலோகக் கவசம் வைப்பார்கள்.

*

கேள்வி: லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். பறவைக் கிருமியால் கண்ணில் இந்தப் புற்று வரும் என்று வாட்ஸப்பில் வந்தது. கூண்டைக் கொடுத்துவிடலாமா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: வாட்ஸப்பில் வந்தாலும் இதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது, சுவையான கதை.

வயிற்றில் இதே மால்ட் வகை லிம்போமா வருவதுண்டு. அங்கே ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருந்து, வருடக்கணக்கில் லிம்போசைட்டுகளைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. 1993-இல் லண்டனில் ஆறு நோயாளிகளுக்கு வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை ஒழித்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று மறைந்தது. கீமோ இல்லை, கத்தி இல்லை. புற்றுநோய் உலகமே அண்ணாந்து பார்த்தது. சரி, வயிற்றில் இப்படியென்றால் கண்ணில் சீண்டுவது யார் என்று தேடினார்கள். இத்தாலியில் ஃபெரெரி என்பவரின் குழு 2004-இல் கண் லிம்போமா மாதிரிகள் 40-ஐ ஆராய்ந்து, 32-இல் கிளமிடியா சிட்டாசி என்ற கிருமியின் மரபணுவைக் கண்டது. கிளிகளிடமிருந்து மனிதருக்கு வந்து நிமோனியா உண்டாக்கும் கிருமி அது. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரையை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நடந்த பெரிய ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு ஓரளவாவது சுருங்கியது, சிலருக்கு முழுதாகவே மறைந்தது.

பிறகுதான் கதை கிளைவிட்டது. மற்ற நாடுகளில் தேடியபோது எண்ணிக்கை இறங்கியது. பல இடங்களில் அந்தக் கிருமி கிடைக்கவே இல்லை. ஊருக்கு ஊர் மாறுகிறது. வயிற்றில் பைலோரிக்கு இருக்கும் உறுதியான இடம் கண்ணில் கிளிக் கிருமிக்குக் கிடைக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் இன்றும் சிலருக்கு, அவசரமில்லாத நிலையில், ஒரு வழியாகக் கையில் இருக்கிறது. நாமாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல.

கூண்டைக் கொடுக்க வேண்டாம். சுத்தம் செய்யும்போது எச்சத்தை நனைத்துவிட்டுத் துடையுங்கள், காய்ந்த தூசியைப் பெருக்கி மூச்சில் இழுக்காதீர்கள், கை கழுவுங்கள். அது நுரையீரலுக்காகச் சொல்வது. கூண்டில் இருப்பது நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் மட்டும் வேறு சிக்கல்: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம்.

*

கேள்வி: அத்தைக்கு ரிட்டக்சிமாப் ஊசி சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஊசி போடுவதற்கு எதற்கு மஞ்சள்காமாலை டெஸ்ட்? செலவு வேறு பயமுறுத்துகிறது.
(வாசகர், சேலம்)

பதில்: சிடி20 முத்திரையைத் தேடிப் பிடிக்கும் மருந்து என்றேனே, அதுதான் ரிட்டக்சிமாப். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. கண்ணில் அல்ல, கையில் நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். இரண்டு கண்ணிலும் நோய் இருந்தாலோ, உடலில் வேறிடத்திலும் இருந்தாலோ இதைத் தேர்ந்தெடுப்பார்கள். வேகமான வகைக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

டெஸ்ட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் எப்போதோ வந்து, அத்தைக்கே தெரியாமல் ஈரலில் சுருண்டு படுத்திருக்கலாம். இந்த ஊசி காவலர்களை அகற்றிவிடும்போது அது எழுந்து ஈரலையே காலி செய்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் வைரஸை அடக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம். ஊசி முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் அந்த மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

செலவைப் பொறுத்தவரை, இந்திய நிறுவனமான டாக்டர் ரெட்டீஸ் இதற்கு இணையான மருந்தை 2007-இல் கொண்டுவந்தது. அதிலிருந்தே விலை இறங்க ஆரம்பித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேசையில் முதல் நாளே காட்டுங்கள். ஊசி போட்டுப் பில் கட்டிய பிறகு காட்டினால் கதை நடக்காது.

*

கேள்வி: பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். எனக்கு இந்த நோய் என்று தெரிந்தால் ‘பரம்பரை’ என்பார்களோ? ஒட்டிக்கொள்ளுமா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: ஒட்டாது. வீட்டில் ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற நோயும் அல்ல. வரன் வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சிகிச்சையை மட்டும் ‘கல்யாணம் முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ரேடியேஷன் முடிந்து சில வாரங்களில் மேடையில் நின்று அட்சதை வாங்கலாம். இமை வீக்கத்தோடு நிற்பதைவிட அது படத்துக்கும் நல்லது.

*

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நான்கு நாளாக ஒரு கண் வீங்கி வெளியே வருகிறது. நீங்கள் மெதுவான நோய் என்கிறீர்களே, காத்திருக்கலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூடாது! இந்தக் கடிதத்துக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் போடுகிறேன். மேலே சொன்ன பொறுமை எல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தையின் கண் சில நாளில் பிதுங்கினால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் வலியும் சிவப்பும் இருந்தால் சைனஸிலிருந்து கண்குழிக்கு வந்த சீழாக இருக்கலாம். அவை இல்லை என்றால் ராப்டோமயோசார்கோமா என்ற தசைப் புற்றோ, ரத்தப் புற்றின் வெளிப்பாடோ இருக்கலாம். எல்லாமே வேகமானவை, எல்லாவற்றுக்கும் இன்று வைத்தியம் உண்டு.

*

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் கண்ணில் ரேடியேஷன் எடுத்தேன். நோய் சுத்தமாகப் போய்விட்டது. இன்னும் வருடா வருடம் வரச் சொல்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு பஸ் ஏறிப் போய், டோக்கன் போட்டு, அரை நாள் உட்கார வேண்டியிருக்கிறது.
(வாசகர், திருவண்ணாமலை)

பதில்: போய்த்தான் ஆக வேண்டும், ஐயா. இந்த மெதுவான வகை பத்து வருடம் கழித்தும் தலைகாட்டும். அதே கண்ணில் வருவதைவிட, அடுத்த கண்ணிலோ, வயிற்றிலோ, நுரையீரலிலோ, எச்சில் சுரப்பியிலோ வருவதே அதிகம். வந்தாலும் பெரும்பாலும் பழைய குணத்தோடேயே, மெதுவாகத்தான் வரும், மறுபடி அடக்கலாம். அபூர்வமாக வேகமான வகையாக மாறி வருவதும் உண்டு, அதைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும். நடுவில் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ராத்திரியில் சட்டை நனைய வியர்த்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி வடியாமல் இருந்தாலோ வருடக் கணக்கைப் பார்க்காமல் போங்கள்.

அரை நாள் உட்காருவதற்கு என்னிடம் மருந்து இல்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் டோக்கன் முன்னால் கிடைக்கும். போகும்போது பழைய ரேடியேஷன் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை கிரே கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும், அடுத்து வரும் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.